எதுக்குப் பாக்கணும், அதச் சொல்லு

அக்கா பார்க்க எப்படி இருப்பார் என்று என்னிடம் கேட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரியாது. நான் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவள். ஒரு முறை அவரிடமே கேட்டேன், "அக்கா, நீங்க எப்படி இருப்பீங்க?" என்று. "எதுக்குக் கேக்குற? என்னயப் பொண்ணு கேட்டு வாரியா?" என்றார். அதோடு சரி. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் படத்தில் என்ன இருக்கிறது என்று சொன்ன மனுஷி தன்னைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை. இதை எழுதப்போகிறேன், பேரைப் போடட்டுமா என்று போன வாரம் போனில் கேட்டதற்கு, "ஒதை வாங்குவ" என்றார். அதனால் பேர் இல்லை.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் காமராஜர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜவுளிக்கடை மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினார். பிளைவுட் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள், கடகடவென்று சுற்றும் ஒரு மின்விசிறி, இன்டர்நெட் நின்றுபோனால் எழும் ஏகோபித்த "ஐயோ". அக்கா சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் மொழியில் பொரிந்து தள்ளுவார். போனை வைத்த மறு நொடி மதுரைத் தமிழில் எங்களைத் திட்டுவார். வாயில் எப்போதும் கிராம்பு வாசம், கை நிறையக் கண்ணாடி வளையல். அவர் வேகமாக டைப் அடித்தால் கீபோர்டுச் சத்தம் எது, வளையல் சத்தம் எது என்று பிரிக்க முடியாது.

நாங்கள் எழுமலைப் பக்கம் விவசாயக் குடும்பம். எனக்கு ஒரு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்ததும் அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் மதுரைக்கு வந்துவிட்டோம். அந்தச் சமயம் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு குடும்பம் வந்தது, இரண்டும் போனது. வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள், உட்காருவார்கள், நான் காப்பித் தட்டோடு வருவேன். தட்டை நீட்டிக்கொண்டு நிற்பேன். யாரும் எடுக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா என் தோளைத் தொட்டு, "போயிட்டாகடி" என்பார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குப் பார்வையில்லை என்பது தெரிந்துதானே வருகிறார்கள், அப்புறம் என்ன? என் மூஞ்சி அம்புட்டு மோசமா? எனக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று ஆசை இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது.

அக்காவின் சென்டருக்கு நான் போனது வேறு விஷயமாக. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஒரு மென்பொருளைச் சென்னையில் படித்த தோழி சிடியில் போட்டுக் கொடுத்திருந்தாள். இலவசப் பதிப்பு. முக்கால் மணி நேரம்கூட ஓடாது, நின்றுவிடும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். நாலு கடையில் "வைரஸ் வந்துரும்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். அக்காதான், "கடைசி மெசின்ல போடு. வைரஸ் வந்தா அதையும் உன்கிட்டயே குடுத்து விடுறேன்" என்றார்.

மூக்கால் பேசும் ஒரு அமெரிக்கக்காரன் என் காதுக்குள் வந்து உட்கார்ந்தான். எல்லாவற்றையும் படித்தான். படம் வந்தால் மட்டும் "இமேஜ்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவினான். நான் கூப்பிட்டேன்.

"அக்கா, இங்க ஏதோ படம் இருக்காம். என்னன்னு சொல்லுங்களேன்."

வளையல் சத்தம் பக்கத்தில் வந்தது. "எதுக்குப் பாக்கணும் உனக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏன், கண்ணு தெரியாதவளுக்குப் படம் ஒரு கேடான்னு கேக்குறீங்களா?"

"அடி இவளே! இது சேலை விளம்பரம். நீ சேலை வாங்கப் போறியா, இல்ல கட்டியிருக்குற பொம்பளயப் பத்தித் தெரியணுமா? சேலைன்னா கரையச் சொல்லணும், முந்தியச் சொல்லணும். பொம்பளன்னா மூஞ்சியச் சொல்லணும். எதுக்குன்னு தெரியாம எதடி சொல்ல? வாயப் பாரு வாய."

சேலைக்காகத்தான் என்றேன். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை, முந்தியில் வரிசையாக அன்னம், ஆனால் துணி பளபளப்பைப் பார்த்தால் பட்டு இல்லை, ஏமாந்துவிடாதே என்றார். நெசவுக்காரக் குடும்பம் ஆயிற்றே, சேலையில் பொய் சொல்ல வராது. நாங்கள் சிநேகிதமானது அந்தச் சண்டையில்தான்.

படம் சொல்வதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் மூச்சில் படம் இன்னது என்று சொல்லிவிடுவார்: "கல்யாண போட்டோ, மணமேடையில எட்டுப் பேரு." அதற்கப்புறம்தான் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது. படத்துக்குள் எழுத்து இருந்தால் கமா புள்ளி விடாமல் வாசிப்பார். ஒன்றுமில்லாத பூவேலைப்பாடு, கோடு, ஓரத்து ரோஜா என்றால், "சும்மா அலங்காரம், மேல போ" என்று ஒரே தள்ளு. அழகு, சூப்பர், நல்லா இருக்கு, இந்த மூன்று வார்த்தையும் அவரிடம் கிடைக்காது. "நல்லா இருக்குங்கிறது எனக்கு நல்லா இருக்குறது. உனக்கு என்ன தெரிஞ்சிச்சு அதுல?" என்பார். நாமாகப் போய் "ஐயோ பாவம் இந்தப் புள்ளைக்குப் படம் சொல்றீங்களே" என்று பாராட்டினாலும் போச்சு. பாராட்டியவருக்கு அன்றைக்கு மெசின் காலி இருக்காது.

பக்கத்து மெசினில் ரெஸ்யூம் அடித்துக்கொண்டிருந்த ஒருவர், "பிறவியிலயே தெரியாதவங்களுக்கு எதுக்குக்கா கலரு?" என்று ஒருநாள் கேட்டார். "ஏண்ணே, ஆபீஸ்ல நாலு பொம்பளைக அரக்குச் சேலை, ஊதாச் சேலைன்னு பேசுறப்ப இவ மட்டும் சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்கணுமா?" என்றார் அக்கா. நான் சுவரைக்கூடப் பார்க்க முடியாது என்று எடுத்துக் கொடுத்தேன். மூன்று பேரும் சிரித்தோம்.

எங்களைப் போன்ற பார்வையில்லாதவர்கள் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் குழு வைத்திருந்தோம். அக்காவின் பெருமையை நான் அதில் அவிழ்த்துவிட, தமிழ்நாட்டின் பாதிப் படம் அவர் அஞ்சல் பெட்டிக்கு வந்து விழுந்தது. எங்கள் மென்பொருளுக்கு அப்போது தமிழ் எழுத்து தெரியாது. அதனால் அக்கா தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவார். அதை அந்த மூக்கன் படிப்பதைக் கேட்க வேண்டுமே! இருந்தாலும் காத்துக் கிடந்து கேட்போம்.

குழுவில் இருந்த பேரையூர் நண்பர் ஒருவர் புது வீட்டின் படத்தை அனுப்பியிருந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் வீடு பிரமாதம் என்று சொல்லிவிட்டார்களாம், அக்கா வாயாலும் கேட்க ஆசை. அக்கா எதற்குப் பார்க்கவேண்டும் என்று பதில் போட்டுக் கேட்டார். "என் வீடு எப்படியிருக்குன்னு எனக்குத் தெரியணும்" என்று நண்பர் எழுதினார். "பச்சைச் சுவர், ரெண்டு ஜன்னல், மாவிலைத் தோரணம். வாசல் நிலைக்கு மேல ஒரு விரிசல், வலது பக்கமா ஏறுது" என்று போனது பதில். மனிதர் ஸ்டூல் போட்டு ஏறித் தடவிப் பார்த்து, அன்றைக்கே மேஸ்திரியை வரவழைத்து உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். சொந்தக்காரர்களுக்கு அக்கா மேல் கோபம். நல்ல நாள் அதுவுமா விரிசலைச் சொல்லலாமா என்று. "அப்ப விரிசல் விட்ட மேஸ்திரியத்தான கோவிக்கணும்?" என்றார் அக்கா.

இதற்கிடையில் மூன்றாவது குடும்பமும் எங்கள் வீட்டுக்கு வந்து, காப்பி குடிக்காமல் போனது. இந்த முறை ஒரு பெண்குரல், "என்னங்க இப்படி!" என்று வாசலில் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு முழுக்க அழுதேன். மறுநாள் பீரோவில் துழாவி, வரன் பார்ப்பதற்காக எடுத்த போட்டோவின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். பெரிய ஸ்டுடியோவில் பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து எடுத்த படம். அண்ணன்தான் கூட்டிப்போனது, கல்யாண இணையதளத்தில் ஏற்றியதும் அண்ணன்தான்.

அக்கா வழக்கம்போலக் கேட்டார். "எதுக்குப் பாக்கணும், அதச் சொல்லு."

"இதப் பாத்துட்டு ஆசையா வாரவங்க, என்னயப் பாத்ததும் ஏன் எந்திரிச்சுப் போறாங்கன்னு தெரியணும்க்கா."

அக்கா படத்தை வாங்கினார். வளையல் சத்தம் நின்றுவிட்டது.   "சொல்லுங்கக்கா. மூஞ்சி நல்லா இல்லியா?"

"பட்டுச்சேலை, பச்சை. நெத்திச்சுட்டி. மூக்கு, வாய், மோவாய் எல்லாம் உன்னுது." படத்தை மேசை மேல் வைத்தார். "கண்ணு ரெண்டும் தொறந்துருக்கு. பெருசா, மை போட்டு. நேரா என்னயப் பாக்குது. அது உன் கண்ணு இல்லடி."

என் கண்கள் சின்னவை, எப்போதும் மூடியே இருப்பவை. கம்ப்யூட்டரில் டச்சப் பண்ணுவது அப்போதுதான் ஸ்டுடியோக்களில் புதுசாக வந்திருந்தது. பரு, தழும்பு எல்லாம் எடுப்பார்கள் என்று தெரியும். கண்ணே வைப்பார்கள் என்று யார் கண்டது? அக்கா அந்த இணையதளத்தைத் திறந்து என் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். வயது, வேலை, சம்பளம், சைவமா அசைவமா, எல்லாம் இருந்தது. பார்வையில்லை என்பது மட்டும் எங்கேயும் இல்லை. வந்தவர்கள் எல்லாம் பெரிய கண்ணுள்ள ஒருத்தியைத் தேடி வந்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "யாரு கண்ணுக்கா அது?"

"எவ கண்ணோ. நடிகை கண்ணு மாதிரி இருக்கு. ஒண்ணு லேசா மேல ஏறிருச்சு, ஒட்டுனவனுக்கு அவசரம் போல."

அவ்வளவுதான். எனக்குள்ளிருந்து சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அக்காவும் சேர்ந்துகொண்டார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். மற்ற அறைகளில் இருந்தவர்கள் எழுந்து வந்து என்னக்கா ஆச்சு என்று கேட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அக்கா மெசின் மேல் இருந்த வெப்கேமைத் திருப்பி என்னைப் படம் எடுத்துவிட்டார்.

பிறகு அண்ணனுக்குப் போன் போட்டு வரச்சொன்னேன். அவர் மாடி ஏறி வருவதற்குள் அக்கா அந்தப் படத்துக்கு விவரம் எழுத உட்கார்ந்துவிட்டார். கேள்வி மட்டும் மாறவில்லை: "எதுக்குப் பாக்குறவனுக்கு எழுதணும்?" கட்டிக்கொள்கிறவனுக்கு என்றேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

"பிரவுசிங் சென்டரில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருக்கும் பெண். மாநிறம், ஒற்றைச் சடை, ஊதாச் சுடிதார். இரண்டு கண்ணும் மூடியிருக்கின்றன. பிறந்ததிலிருந்து பார்வை கிடையாது. வாய் முழுக்கத் திறந்து சிரிக்கிறாள், கீழ்வரிசையில் ஒரு பல் கோணல். மேசையைத் தட்ட வலது கையை ஓங்கியிருக்கிறாள். சிரித்துச் சிரித்துக் கன்னம் நனைந்திருக்கிறது."

"கோணப்பல்லு எதுக்குக்கா?"

"கட்டிக்கிறவனுக்குன்னு சொன்னேல்ல? அப்ப பல்லும்தான்."

"சரி, அழகுன்னு ஒரு வார்த்தையாச்சும் போடுங்களேன்."

"அத அவன் சொல்லட்டும். அதையும் நானே சொல்லிப்புட்டா அவனுக்கு என்னடி வேலை?"

அண்ணன் வந்தார். விஷயம் தெரிந்ததும் அக்காவிடம் பாய்ந்தார். "எங்க வீட்டு விசயத்துல நீங்க எதுக்குக்கா தலையிடுறீங்க? உள்ளதப் போட்டா ஒருத்தனும் வர மாட்டான். எத்தன தரகர்கிட்டப் போய் நின்னேன் தெரியுமா? கண்ணுன்னு ஆரம்பிச்சாலே போன வச்சிருறானுக. வீடு வரைக்கும் வந்துட்டா போதும், பாப்பா பேசுறதக் கேட்டா புடிச்சுப்போயிரும்னு நெனச்சேன். பேச விடலையே, பாவிப் பயலுக..." மேலே பேச முடியாமல் குரல் உடைந்தது.

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே பாதி போய்விட்டது. மீதியை மட்டும் சொன்னேன். "அண்ணே, அவங்க எந்திரிச்சுப் போனது தெரியாம, காலி நாற்காலிக்குக் காப்பிய நீட்டிக்கிட்டு நின்னேன்ணே. இன்னொரு தடவ என்னால நிக்க முடியாது."

 அண்ணன் மூக்கை உறிஞ்சினார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அக்கா, அந்தப் பழைய படத்த அழிக்கிறது எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். புதுப்படமும், ஆங்கில எழுத்தில் அடித்த அந்த விவரமும் ஏறின.

அதன் பிறகு ஒருத்தரும் வரவில்லை. அண்ணன் சொன்னது சரியாகத்தான் போனது. ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் போனது. அம்மா பெருமூச்சு விடுவதை நிறுத்திவிட்டு நேரடியாகவே அக்காவைத் திட்ட ஆரம்பித்தார். நானும் பயந்துபோனேன். ஒட்டுக் கண்ணோடவே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒருநாள் தோன்றியது. அதை அக்காவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "எனக்கும் பயமாத்தான்டி இருக்கு" என்றார். கிராம்பு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

ஐப்பசியில் ஒருநாள், அலுவலகத்தில் இருக்கும்போது ஒரு அழைப்பு. வழக்கம்போல, "வணக்கம், யாரோட பேசணும்?" என்றேன்.

"உங்களோடதான். உங்க அண்ணன்கிட்டக் கேட்டுத்தான் நம்பர் வாங்குனேன்." விருதுநகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்று சொன்னார். அவருக்கும் சின்ன வயதில் பார்வை போய்விட்டது. "அந்த சைட்டுல எந்தப் பொண்ணத் தொட்டாலும் இமேஜ், இமேஜ்னுதான் என் கம்ப்யூட்டர் சொல்லும். உங்க பக்கத்துலதான் ஒரு ஆளு இருந்துச்சு."

 மேசையில் மற்ற லைன்கள் கத்திக்கொண்டிருந்தன.

"அதுல எல்லாம் எழுதியிருக்கு. ஒண்ணு மட்டும் இல்ல," என்றார். "எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?"

சொன்னேன். ஸ்டுடியோ, பெரிய கண்ணு, மேலே ஏறிப்போன ஒரு கண்ணு, எல்லாம்.  அந்தப் பக்கம் அவர் சிரித்தார் பாருங்கள், ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. மனதுக்குள் அப்போதே சரி என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் தனியாக பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் வந்து இறங்கினார். கூட்டிவரப் போன அண்ணன், வீட்டுக்குள் நுழையும்போதே, "பாப்பா, வரும்போது என் தோளப் புடிச்சுக்கிட்டு கலகலன்னு பேசிக்கிட்டே வந்தாரு" என்றார். வந்தவர் காப்பியைக் குடித்தார், இன்னொன்று கிடைக்குமா என்றும் கேட்டார். அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "ரெண்டு பேருக்கும் தெரியாட்டி அடுப்ப யாருடி பாத்துக்குவா?" என்று புலம்பினார். "நீ குடிச்சிக்கிட்டு இருக்குறது யாரு போட்ட காப்பி?" என்று கேட்டேன். அம்மா டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய், சம்மதம் என்று வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளத்தை எடுத்து வந்தார்.

திருப்பரங்குன்றத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம். அக்கா எங்கள் இருவருக்கும் பின்னால், மேடையிலேயே உட்கார்ந்துகொண்டார். ஐயர் முறைத்தாராம், அதையும் எங்களுக்குச் சொன்னார். யார் யார் வருகிறார்கள், யார் யாரோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், எந்தச் சித்தி அழுகிறாள், எந்த மாமா பந்தி எப்போது என்று வாட்சைப் பார்க்கிறார், எல்லாம் குசுகுசுவென்று எங்கள் இரண்டு காதுக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தது. வாத்தியார் சிரிப்பை அடக்க முடியாமல் என் முழங்கையை இடிப்பார். நான் திருப்பி இடிப்பேன்.

"தாலிய எல்லாரும் தொட்டுக் கும்புட்டாச்சு," என்றார் அக்கா. "தட்டு இங்கிட்டு வருது. உங்க அண்ணன் கையில எடுத்துட்டாரு. மாப்பிள்ளை கையப் புடிச்சுக் குடுக்குறாரு. ரெண்டு கையும்..."

கெட்டிமேளம் எழுந்தது. அட்சதை வந்து தலையில் விழுந்தது. என் கழுத்துக்குப் பின்னால் வாத்தியாரின் விரல்கள் மஞ்சள் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. அக்காவின் குரலைக் காணோம்.

"அக்கா," என்றேன். "என்னக்கா ஆச்சு? சொல்லுங்க."

"இருடி," என்றார். குரல் கரைந்துபோயிருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியல. கண்ணெல்லாம் தண்ணி."

என் கழுத்திலிருந்து கையை எடுக்காமலே வாத்தியார் பின்னால் திரும்பி, மேளச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார்.

"அழாதீங்கக்கா, நான் சொல்றேன், கேட்டுக்கங்க. தாலி ஏறிருச்சு. முடிச்சு கெட்டியா விழுந்துருச்சு. பொண்ணுக்குத் தோளு குலுங்குது, அழுகைன்னு நெனச்சிராதீங்க. சிரிக்குது."